அவரை யாரும் கேட்கவில்லை

1

போன மாதம் எங்கள் சங்கத்தின் ஆண்டு விழா பேகம்பேட்டில் ஓர் ஓட்டலில் நடந்தது. சங்கம் என்றதும் ஐதராபாத் தமிழ்ச் சங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். இது குழந்தையில்லாத ஆண்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்கள் சேர்ந்து நடத்துகிற சங்கம். நான் டாக்டர் இல்லை. போன் எடுப்பது, கூட்டத்துக்கு அறை பிடிப்பது, வெளியூர் டாக்டர்கள் வந்தால் ரயில் நிலையத்துக்கு கார் அனுப்புவது, இதெல்லாம்தான் என் வேலை.

விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். தெலுங்கில் பேசுவதா இங்கிலீஷில் பேசுவதா என்று தடுமாறி, "தேங்க்யூ" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சொல்ல வேண்டியதெல்லாம் தமிழில் வரிசையாக வந்தது. அங்கே அதைக் கேட்க ஆள் இல்லை. அதனால்தான் ஊரில் இருப்பவர்களுக்கு எழுதுகிறேன்.

2

என் பெயர் வசந்தா. கோவில்பட்டிப் பக்கம். கணவர் சண்முகத்துக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்து, கல்யாணமான மறு வருடம் இங்கே வந்தோம். அப்போது பேகம்பேட்டில்தான் வாடகைக்கு இருந்தோம். விமான நிலையம் அங்கேயே இருந்த காலம். மொட்டை மாடியில் துணி காயப்போட்டால் தலைக்கு மேல் விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு போகும். அவர் காலையில் கம்பெனி பஸ்ஸில் போனால் இருட்டித்தான் வருவார். பகல் முழுக்க நான் பேசுகிற ஆள் காய்கறிக்காரர் ஒருவர்தான். எனக்குத் தெரிந்த தெலுங்கு அவர் தராசில் இருந்தது: அரை கிலோ, கால் கிலோ, வேண்டாம், போதும்.

மூன்று வருடம் போயிற்று. குழந்தை இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். குழாய் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்திப் பார்த்தார்கள். மதுரையில் ஒரு முறை மயக்க மருந்து கொடுத்து வயிற்றில் துளைபோட்டுப் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் ஒவ்வொரு இடத்திலும் சொன்னார்கள். சொல்லிவிட்டு அடுத்த பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். என் கணவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அத்தை போன் செய்வார். மகனிடம் சாப்பாடு, சளி, சம்பளம் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் என்னிடம் ஒரே கேள்வி: "விசேஷம் உண்டா?" இல்லை என்றால் போனை வைத்துவிடுவார். நாத்தனார் வளைகாப்புக்குப் போனபோது வளையல் போட வந்த பெண்கள் வரிசையில் நானும் நின்றேன். அத்தை என்னைப் பார்க்காமல், "மலடி கை படுததுக்கு முந்தி மத்தவுகள்லாம் போட்டுருங்க" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. பந்தியில் உப்பு கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். நான் வரிசையை விட்டு விலகிச் சமையல் கட்டுக்குப் போய்விட்டேன்.

3

இங்கே என்னைப் பார்த்தவர் டாக்டர் சுபத்ரா. தெலுங்குக்காரர். ஐம்பது வயது இருக்கும். என் பழைய ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். என்னோடு எப்போதும் இங்கிலீஷில் பேசுகிறவர், அன்று நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்த வாக்கில் என்னிடமும் தெலுங்கிலேயே சொல்லிவிட்டார்: "மீக்கு இங்கா பரீட்சலு அவசரம் லேது. மீ வாரிக்கி அவசரம்." பிறகு ஒரு சீட்டில் பரிசோதனைக்கூடத்தின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

உனக்குப் பரிசோதனை அவசரமில்லை, உன் கணவருக்குத்தான் அவசரம் என்று நான் புரிந்துகொண்டேன். ஆட்டோவில் வரும்போது அந்தச் சீட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். என்னைப் பார்த்து அவருக்கு ஏதோ இருக்கிறது என்று டாக்டர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று யோசித்து யோசித்துப் பயம் கூடியது.

அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னேன். "உங்களுக்கு உடனே டெஸ்ட் எடுக்கணுமாம். அவசரமாம்."

"எனக்கா? எதுக்கு?"

"தெரியலங்க. அவசரம்னு மட்டும்தான் சொன்னாங்க."

"என்ன மாதிரி சொன்னாங்க? முகம் எப்படி இருந்தது?"

"சிரிக்கல."

அதற்கு முன் யாராவது அவரைப் பரிசோதனைக்குப் போகச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் மறுநாள் லீவு போட்டார். பரிசோதனைக்கூடத்தில் ஒரு சிறிய டப்பாவைக் கொடுத்து, எல்லாரும் போய்வருகிற குளியலறையைக் காட்டியிருக்கிறார்கள். தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு. வெளியே இரண்டு பேர் தட்டிக்கொண்டிருந்தார்களாம். அவர் அதை என்னிடம் சொன்னது ரொம்ப நாளைக்குப் பிறகு.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். டாக்டர் சுபத்ரா ஆச்சரியப்பட்டார். "இவ்வளவு சீக்கிரம் வந்துட்டாரே. சில ஆண்களைக் கூட்டிவர ஒரு வருஷம் ஆகும்."

"நீங்கதான் அவசரம்னு சொன்னீங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை என்று அர்த்தமாம். உனக்கு இனிப் பரிசோதனை தேவையில்லை, உன் கணவருக்குத்தான் தேவை, அவ்வளவுதான் அவர் சொன்னது. என் கணவரும் சிரித்தார். கொஞ்ச நாளாக இறுகிப் போயிருந்த முகம் தளர்ந்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே டாக்டர் உறையைப் பிரித்தார்.

அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அவருடைய விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. இன்னொரு முறை எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் பார்த்தார்கள். எங்காவது அடைப்பு என்றால் சரி செய்யலாம் என்று இன்னொரு டாக்டர் சின்ன ஆபரேஷன் செய்து உள்ளேயே பார்த்தார். அடைப்பு இல்லை. உள்ளே உற்பத்தியே இல்லை. "இது யார் தப்பும் இல்லை, பிறவியிலேயே இப்படி இருக்கலாம்" என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே தலையாட்டிக்கொண்டிருந்தார்.

4

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. சண்டை எதுவும் இல்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பார். மின்சாரக் கட்டணம் கட்டியாயிற்று என்பார். அவ்வளவுதான். வேறு ஒருவரின் விந்தை வைத்து முயற்சி செய்யலாம் என்று டாக்டர் சொன்னதை நான் ஒரு முறை எடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். தத்தெடுப்பது பற்றி இரண்டு மூன்று முறை பேசினோம். அது பேச்சாகவே நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை அத்தை போன் செய்வார். "விசேஷம் உண்டா?" இல்லை அத்தே என்பேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார்.

டாக்டர் சுபத்ராதான் என்னை வேலைக்குக் கூப்பிட்டார். சில டாக்டர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிக்கிறோம், அலுவலகத்தில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார். "எங்கிட்ட வர்றதெல்லாம் பொண்ணுங்க. ஒருத்திக்கு ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்ச பிறகும் அவளையே குத்திக் குத்திப் பார்க்கறோம். புருஷனைப் பார்க்கத் தெரிஞ்ச டாக்டருங்க கம்மி. அதுக்குத்தான் இந்தச் சங்கம்" என்றார். நான் சரி என்றேன். ஒரு சேவை என்று நினைத்துச் சொல்லவில்லை. பகலில் யாரோடாவது பேசலாம் என்றுதான் சொன்னேன்.

ஒரு ஸ்கேன் சென்டருக்குப் பின்னால் ஒற்றை அறை. வாசலில் பலகை மாட்டக் கட்டடக்காரர் சம்மதிக்கவில்லை. கீழே நகைக்கடை இருக்கிறது, இந்தப் பெயரைப் பார்த்தால் கல்யாணப் பார்ட்டிகள் வரமாட்டார்கள் என்றார். கடைசியில் சங்கத்தின் பெயரை எடுத்துவிட்டு 'டாக்டர்கள் அலுவலகம்' என்று மட்டும் எழுதினோம். சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது அங்கிருந்த எழுத்தர் பெயரைப் படித்துவிட்டு, "இதுக்கும் ஒரு சங்கமா அம்மா?" என்று சிரித்தார். ஒரு கையெழுத்து குறைகிறது, முத்திரை சரியில்லை என்று பல நாள் நடக்கவைத்தார். வேலை முடிந்த அன்று மாடிப்படி வரைக்கும் கூடவே வந்து, குரலைத் தாழ்த்தி, தன் நண்பர் ஒருவருக்காக டாக்டர் முகவரி கேட்டார். எங்களுக்குப் போன் செய்கிற எல்லாருமே ஒரு நண்பருக்காகத்தான் கேட்பார்கள்.

சங்கம் முதலில் செய்த காரியம் பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. விந்துப் பரிசோதனைக்கு வருகிற ஆணுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு தனி அறை வேண்டும் என்று நகரத்தின் பரிசோதனைக்கூடங்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார்கள். அதை டைப் அடித்தவள் நான். பிறகு பரிசோதனை செய்கிறவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். ஓர் இடத்தில் கொடுக்கிற ரிப்போர்ட் இன்னோர் இடத்தில் வேறாக வந்துகொண்டிருந்தது, அதைச் சரிசெய்யத்தான். மகப்பேறு டாக்டர்களைக் கூப்பிட்டு, மனைவியை மேஜையில் படுக்கவைப்பதற்கு முன் கணவனுக்கு ஒரு பரிசோதனை எழுதுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். டீ வந்ததும் எழுந்து பிஸ்கட் எடுத்து வைப்பேன்.

செகந்திராபாத் ரயில்வே குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்களுக்காகத் தமிழில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதச் சொன்னார்கள். நான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்து முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். குழந்தையில்லாத பெண்ணுக்குத் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. குழாயடியில்கூடக் கேட்கலாம். ஆணுக்கு? மலடன் என்று அகராதியில் இருக்கும். நான் பிறந்ததிலிருந்து யாரும் யாரையும் அப்படித் திட்டிக் கேட்டதில்லை. தெலுங்கில் எப்படி என்று டாக்டரைக் கேட்டேன். பெண்ணுக்குத்தான் இருக்கிறது, 'கொட்ராலு' என்றார். பிரசுரத்தில் எந்தச் சொல்லும் போடாமல், 'குழந்தை பிறக்கத் தாமதமானால் இருவரும் பரிசோதனைக்கு வாருங்கள்' என்று எழுதினேன்.

5

இந்தச் சமயத்தில் நாங்கள் கொண்டாப்பூரில் அடுக்குமாடி வீடு வாங்கிக் குடிவந்திருந்தோம். அவர் கம்பெனி கச்சிபௌலிக்கு மாறியிருந்தது. மேல்வீட்டில் ஒரு தஞ்சாவூர்க் குடும்பம். இருவருக்கும் வேலை. அவர்கள் பெண்ணைப் பள்ளி வேனிலிருந்து நான்தான் இறக்கிக்கொள்வேன். என்னை அத்தை அத்தை என்று காலைக் கட்டிக்கொண்டு சுற்றியவள், இரண்டாம் வகுப்பு போனதும் ஆன்ட்டி என்றாள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொன்னாள். அப்புறம் இங்கிலீஷில். அப்புறம் தலையை மட்டும் ஆட்டினாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. என் கையைப் பிடிக்காமல் லிஃப்டில் ஏறத் தெரிந்துவிட்ட அன்று சாயங்காலம் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

6

சங்கத்தின் முதல் பொதுக்கூட்டம், விமான நிலையம் ஊருக்கு வெளியே போன வருடத்தில் நடந்தது. ஞாயிறு காலை, ஒரு கல்யாண மண்டபத்தில். ஆண்கள் மட்டும் வந்தால் போதும் என்று அறிவித்திருந்தோம். காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்று பயந்திருந்தேன். கூட்டம் தொடங்கிய பிறகு ஒவ்வொருவராக வந்து, தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். டாக்டர்கள் படம் போட்டு விளக்கினார்கள். மருந்தில் சரியாகக் கூடியது எது, ஆபரேஷனில் சரியாகக் கூடியது எது, எதுவும் செய்ய முடியாதது எது என்று மறைக்காமல் சொன்னார்கள்.

கேள்வி நேரம் வந்தது. ஒருவரும் எழவில்லை. எழுதிக் கொடுங்கள், பெயர் வேண்டாம் என்று நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். நடுவரிசையில் ஒருவர் வாங்க மறுத்தார். "நக்கோம்மா. நானே கேக்கறேன்" என்று எழுந்தார். ரயில்வேயில் வேலை செய்பவர். தாத்தா காலத்திலேயே இங்கே வந்த தமிழ்க் குடும்பம் என்று பிறகு சொன்னார். பெயர் ஜோசப். இந்தியும் தமிழும் கலந்து கேட்டார்.

"டாக்டர் ஸாப், டெஸ்டுக்கு நான் ரெடி. ஆனா கல்யாணம் ஆனதிலேர்ந்து எங்க வீட்டு ஜனங்க என் பொண்டாட்டிய எங்கெல்லாமோ இட்டுனு போயி மந்திரிச்சாங்க. பட்டினி போட்டாங்க. நானும் பாத்துனு இருந்தேன். நாளைக்கு கொறை எனக்குத்தான்னு வந்தா, அவ மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது? அதுக்கு என்ன மருந்து இருக்கு?"

டாக்டர் சுபத்ரா மைக்கை வாங்கினார். "அதுக்கு எங்ககிட்ட மருந்து இல்லை. உங்க வீட்ல எல்லாரும் இருக்கும்போது சொல்லிடுங்க. மனைவிகிட்ட மட்டும் தனியாச் சொன்னா அது பாதிதான்" என்று இந்தியில் சொன்னார்.

"ஹவ்" என்று ஆமோதித்துவிட்டு ஜோசப் உட்கார்ந்தார்.

அப்போதுதான் பார்த்தேன். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். வருவதாக என்னிடம் சொல்லவில்லை. அந்த அலுவலகத்துக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டுப் பார்வையை இறக்கிக்கொண்டார். கூட்டம் முடிந்து, நாற்காலிகளை எடுத்து அடுக்கும் வரைக்கும் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் அத்தை போன் வந்தது. அத்தை தூரத்துக்குத் தகுந்தபடி சத்தமாகப் பேசுவார். அடுக்களையில் நின்றாலே கேட்கும்.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். பக்கத்துல யாரு இருக்கா?"

"அப்பா இருக்காக. தங்கச்சி வந்திருக்கா. என்னய்யா?"

"இருக்கட்டும். கொறை வசந்தாவுக்கு இல்லம்மா. எனக்குத்தான். டாக்டருங்க பாத்துச் சொல்லி வருஷமாச்சு. நான்தான் சொல்லல."

 

"அவ சொல்லச் சொன்னாளா?"

"இல்லம்மா."

"பொறவு எதுக்குய்யா சொல்லுத? நீ ஆம்பள. ஊருக்குள்ள தல நிமுந்து நடக்க வேண்டாமா? இத்தன வருஷம் அவ பேர்லதான இருந்துச்சு. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"இருக்க வேண்டாம்மா" என்றார். அவர் குரல் ஏறவில்லை. "இனிமே அவளை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

போனை வைத்துவிட்டு வந்து, வாணலியில் கருகிக்கொண்டிருந்த வெங்காயத்தை இறக்கினார். நான் அடுப்பை அணைக்க மறந்து நின்றிருக்கிறேன்.

7

அன்று எனக்குப் பெரிய நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது, ஆனால் தனியாக வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு நான் எவ்வளவு அழுதிருக்கிறேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருப்போம். ஊருக்குப் போனால் யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அவரையும் சொல்லவில்லை. திட்டச் சொல் இல்லாததால் பேசாமல் இருந்தார்கள். ஊர்க் கோயில் கொடைக்கு வரி எழுதும்போது சித்தப்பா மகன் எங்கள் பெயரைச் சேர்க்காமல் தாண்டிப் போனான் என்று மாமனார்தான் ஒரு முறை வருத்தப்பட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். என் கணவர் பேச ஆரம்பித்தார். என்னிடம் அந்தக் குளியலறைக் கதவைப் பற்றிச் சொன்னது அப்போதுதான். ஜோசப்பும் அவர் மனைவியும் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார்கள். ஜோசப்புக்கு மருந்தில் சரியாகக் கூடிய குறைதான். பெண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையை என் கணவர்தான் முதலில் கை நீட்டி வாங்கினார். அவர்கள் கிளம்பிப் போன பிறகு பால்கனியில் போய் நின்றுகொண்டார். நான் கூடப் போகவில்லை. சில நேரம் ஒருவரைத் தனியாக விடுவதுதான் முறை என்று அதற்குள் தெரிந்துவிட்டது.

8

போன வருடம் மாமனார் காலமானார். காரியம் முடிந்து, நாத்தனார் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, அத்தை இங்கே வந்துவிட்டார். வேறு போக்கிடம் இல்லை. வந்த புதிதில் என்னிடம் அளவாகத்தான் பேசினார். நானும் அளவாகத்தான் பேசினேன். தெலுங்கு ஒரு சொல் தெரியாது. லிஃப்டில் யாராவது சிரித்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுவரைப் பார்ப்பார். நான் இந்த ஊருக்கு வந்தபோது எப்படி இருந்தேனோ அப்படி இருந்தார்.

சாயங்காலம் குடியிருப்புப் பூங்காவில் அவருக்கு ஒரு துணை கிடைத்தது. ஈரோட்டம்மா, பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தவர். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அத்தை சிரிக்கிற சத்தத்தை நான் முதன்முதலாகக் கேட்டது அங்கேதான். போன மாதம், அந்த ஆண்டு விழா முடிந்த மறுநாள், அத்தைக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையை எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் முதுகு என் பக்கம் இருந்தது.

"இத்தன வருசமாச்சுங்கறீங்க. மருமகளுக்கு ஏதாச்சும் கோளாறுங்களா?" என்றார் ஈரோட்டம்மா.

நான் அப்படியே நின்றேன். அத்தை என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

"அவளுக்கு ஒரு கொறையும் கெடையாது" என்றார் அத்தை. "கொறை எம் மவனுக்குத்தான். டாக்டருமாரு பாத்துச் சொல்லியாச்சு. அவ என்ன செய்வா, பாவம்."

ஈரோட்டம்மா, "அப்படீங்களா" என்றார். பேரனுக்குப் பால் நேரம் என்று எழுந்து போனார். மறுநாள் அவர் சறுக்குமரத்துக்குப் பக்கத்தில், வேறு பெண்களோடு உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த நாளும் அங்கேதான். நான் அலுவலகத்திலிருந்து வரும்போது அத்தை மட்டும் அந்தப் பெஞ்சில் இருந்தார். அவருடைய மனம் எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் நான் அலுவலகத்திலிருந்து கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிடுகிறேன். வீட்டுக்குப் போகாமல் நேராகப் பூங்காவுக்குப் போகிறேன். என்னைப் பார்த்ததும் அத்தை நகர்ந்து இடம் விடுவார்.

"வேலை முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சுது அத்தே."

அப்புறம் பேச எங்களுக்கு அதிகம் இருக்காது. பிள்ளைகள் தெலுங்கில் கத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, அவர் கம்பெனியிலிருந்து வரும்வரை உட்கார்ந்திருப்போம்.